வெள்ளை பூசிய கறுப்பு மலை

அன்று, 1938ஆம் ஆண்டு ஆடி மாதம், வகுப்பறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: என் பேத்தி லத்தீபா, அவள் தோழி தங்கப்பொண்ணு, பூகோள வாத்தியார் சிவனாண்டி, நான். வேறு யாரும் இல்லை.

லத்தீபா செய்த தீவு கனமாக இருந்ததால், நான்தான் பலகையோடு தூக்கிக்கொண்டு போனேன். மறுநாள் பள்ளியில் பொருட்காட்சி. பசுமலையில் பொறுக்கிய கருங்கற்களைக் களிமண்ணில் நட்டு, தென்துருவத்துத் தீவு ஒன்றின் மலைகளைச் செய்திருந்தாள்.

வாத்தியார் பார்த்ததும் சிரித்தார்.

"துருவத்துல கறுப்பு மலையா? எல்லாம் பனி மூடியில்ல இருக்கும்!"

வாசலில் கோலம் போடத் தங்கப்பொண்ணு வைத்திருந்த அரிசிமாவு டப்பாவை எடுத்தார். தீவின் மேல் அப்படியே கவிழ்த்தார்.

லத்தீபாவின் முகம் சிவந்தது. "எங்க சாச்சா அந்தத் தீவை நேர்ல பார்த்தாரு சார்! திமிங்கில வேட்டைக் கப்பல்ல கரி அள்ளிப் போட்டாரு. மலையெல்லாம் கறுப்புப் பாறைன்னு சொன்னாரு."

"உங்க சாச்சா நல்லா அளந்துவிட்டிருக்காரு."

சாச்சா என்பது என் இளைய மகன் பீர் முகமது. எனக்கு ரத்தம் கொதித்தது. கைத்தடியைத் தரையில் ஓங்கி ஊன்றினேன்.

"வாத்தியாரே! எங்க வீட்டுல பொய் பேசுறவன் எவனும் கிடையாது. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கும்!"

"சத்தம் போடாதீங்க பாய். பொய்யான மலையை நான் பொருட்காட்சியில வைக்க மாட்டேன்."

தடி தானாக உயர்ந்தது. லத்தீபா என் கையைப் பிடித்தாள்.

"தாத்தா, தடியை இறக்குங்க. சார், உங்க விசிறியைக் கொஞ்சம் தாங்க."

மேசைமேல் இருந்த பனையோலை விசிறியை வாங்கி, தீவின் ஒரு பக்கமாக நின்று வீசினாள். கோபத்தையெல்லாம் சேர்த்து வீசினாள். மாவு பறந்தது. பாதி வாத்தியாரின் மீசையில் போய் ஒட்டியது.

"லத்தீபா, சாருக்கு நரைச்சிருச்சுடி!" என்றாள் தங்கப்பொண்ணு.

வாத்தியார் இரண்டு முறை தும்மினார். பிறகு குனிந்து பார்த்தார். செங்குத்தான கற்கள் கறுப்பாகவே நின்றன. இடுக்குகளிலும் பள்ளங்களிலும் மட்டும் வெள்ளை தங்கியிருந்தது.

"அங்க ராவும் பகலும் காத்து அடிக்குமாம் சார். செங்குத்துப் பாறையில பனி நிக்காதாம்" என்றாள் லத்தீபா.

"அம்புட்டுக் காத்தா?"

"கயித்தைப் பிடிக்காம கப்பல்ல நிக்கவே முடியாதாம்."

வாத்தியார் ஒரு கல்லை விரலால் தடவிப் பார்த்தார். லத்தீபா தன் தாவணி நுனியை நீட்டினாள். "மீசையைத் தொடைச்சுக்கங்க சார்."

துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சொன்னது தப்பு பாய். நாளைக்கு உங்க மகனையும் கூட்டிட்டு வாங்க. தீவைப் பத்தி அவரே பேசட்டும்."

நான் தடியை இறக்கினேன்.

ஓர் ஆடு மாவை நக்கியதால்தான் பாறை வெளியே தெரிந்தது என்று எங்கள் தெருவில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். தவறு. அந்த ஆடு மறுநாள்தான் வந்தது.