பதினான்காம் பதிப்பு

ஒரு பதில் வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்து நின்றன. இப்போது ப்ரொடக்‌ஷனில், அதாவது வேலையில், இருக்கும் பதிப்பு எது என்று அவள் ரெஜிஸ்ட்ரியை, பதிப்புகளின் கணினிப் பதிவேட்டை, கேட்டிருந்தாள். இருபத்தொன்று என்று வந்தது, சரி. அதற்கு மேலே பதினான்கு என்றும் வந்திருந்தது.

இறைச்சி வெட்டும் தொழிற்சாலை அது. கொக்கியில் தொங்கி வரும் உடலைக் கேமரா பார்க்கும். எங்கே வெட்டலாம் என்று கணினிக்குப் பழக்கிவைத்த மாடல் வெள்ளைக் கோடு போடும். கோட்டின் மேலேயே கத்தி போகும். குறுக்கே மனிதன் நின்றால் கத்தியை நிறுத்தவேண்டியதும் அதே மாடல்தான். அதன் பழைய, புதிய பதிப்புகள் எல்லாம் ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும்: சில சோதனையில், ஒன்று வேலையில், மற்றவை ஓய்வில். மெஷின் ஒவ்வொரு முறை எழும்போதும் எண்ணைச் சொல்லிக் கேட்காது. வேலையில் இருப்பதைக் கொடு என்றுதான் கேட்கும். அப்படி எழுதி வைத்தவள் அவள்தான். எண்ணை மாற்றி மாற்றி யார் மாரடிப்பது என்று பெருமை வேறு பேசியிருந்தாள்.

பதினான்குக்கு மனிதனைத் தெரியாது. மெஷினைப் பராமரித்துவந்த பழைய ஃபிட்டரை அது தொங்கும் உடல்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டு, தோளைத் தோளுக்கான தட்டிலும் தொடையைத் தொடைக்கான தட்டிலும் பிரித்து வைத்தது. அள்ளியவர்களில் அவளும் ஒருத்தி. அன்றைக்கே அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு பல நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று விடுமுறை, நடுப்பகல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி குழாயைப் பீய்ச்சிக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தான். காலியான ஃபிட்டர் வேலையை யார் யாரிடமோ சொல்லி அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். மெஷினைக் குளிப்பாட்டவா படித்தேன் என்று காலையில்கூட அவளை வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தான்.

அவள் பதினான்கை மறுபடி ஓய்வுக்குத் தள்ளினாள். குளிர்ப்பெட்டிகளின் இரைச்சலும், தகரத்தில் தண்ணீர் அறையும் சத்தமும், எவ்வளவு கழுவினாலும் போகாத அந்தப் பச்சை இரும்பு வாடையும் கதவிடுக்கு வழியாக வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்திருக்க, ரெஜிஸ்ட்ரியை இன்னொரு முறை கேட்டாள். வேலையில் இருப்பது? பதினான்கு, இருபத்தொன்று. சோதனையில்? பதினான்கு. ஓய்வில்?

பதினான்கு.

மெஷின் இதுவரை இருபத்தொன்றோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, மறுபடி அணைந்து எழாதவரை பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் மைக்கைப் பிடித்தாள்.

"டேய், குழாயைப் போட்டுட்டு வெளிய வா."

அவன் காதில் அடைப்பான். உதடு அசைவதைப் பார்த்து என்ன என்று தலையாட்டிச் சிரித்தான். சிரித்தபடி திரும்பியதில் கைக்குழாயின் தண்ணீர் மின்பெட்டியில் பட்டது. மெஷினின் முனகல் சட்டென்று நின்றது. தண்ணீர் பட்டால் அது அப்படித்தான். அணையும், கொஞ்ச நேரத்தில் தானாக எழும்.

எழுந்ததும் கேட்கும்.

அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கை அங்கே போகவில்லை. எதையும் திரையிலேயே சரிசெய்து பழகிய கை, விசைப்பலகைக்குத்தான் போனது. பதினான்கை அழித்தாள். போய்விட்டது. கேட்டாள்.

பதினான்கு. அது மட்டும். இருபத்தொன்று எங்கேயும் இல்லை. மாற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

மறுபடி அழித்தாள். வந்தது. அழித்தாள். வந்தது.

கேமராவின் விளக்கு எரிந்தது.

திரையில் தம்பி. கழுத்தில் ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு தோளிலும். மணிக்கட்டுகளில். இடுப்பில். ஒன்றுகூடக் கோணவில்லை.

பொத்தானை ஓங்கிக் குத்தினாள். மூடி உடைந்து உள்ளங்கையில் ஏறியது. உள்ளே விர்ரென்று ஒரே ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

ஓடினாள். கதவு. குளிர். வழுக்கும் தரை.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கத்தி அவனைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றிருந்தது. தரையில் தண்ணீர் மட்டும்தான். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எருமை, எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று திட்டிக்கொண்டே முன்னால் மண்டியிட்டாள்.

"ஒண்ணும் ஆகலக்கா," என்றான். "கால்தான் மரத்துப்போச்சு. தூக்கி விடு."

அவன் முதுகைச் சுற்றிக் கைகொடுத்து, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினாள். சிரமமே இல்லாமல் வந்தான். அவ்வளவு பெரிய ஆள், இவ்வளவு லேசாக.

இடுப்புக்குக் கீழே உட்கார்ந்தபடியே இருந்தது.

அப்போதுதான் ரத்தம் வந்தது. வாளியைக் கவிழ்த்ததுபோல் அவள் மடியில், தொடையில், செருப்புக்குள், சூடாக. அவன் சட்டைக் கைகளிலிருந்து முதலில் ஒரு கை நழுவித் தரையில் விழுந்தது, பிறகு மற்றது. அவள் பிடியை விடவில்லை. விட்டால் மிச்சமும் பிரிந்துவிடும் என்று இறுக்கினாள். இறுக்கியதில் அவன் தலை மெல்லப் பின்னால் சரிந்தது. ஒரு கையால் தாங்கி, அதைக் கழுத்தின் மேல் பொருத்தி அழுத்திப் பிடித்தாள்.

அவன் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. குரல் இல்லை. உதடு மட்டும் பொறுமையாக அசைந்துகொண்டே இருந்தது.

தூக்குக்கா. தூக்குக்கா.