பதினொரு நிமிடம் முன்னால்

"உலக மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனித குலம் இன்றோடு தாமதமாவதை நிறுத்திக்கொள்கிறது. இனி உங்கள் மணிக்கட்டில் இன்னோர் இதயம் துடிக்கும். உங்களை உங்களைவிட நன்றாக அறிந்த இதயம்."

நான்கு வருடங்களுக்கு முன்னால், சன்னிவேலில் வாடகைக்கு எடுத்த ஒரு கார் ஷெட்டில், கறுப்பு டி-ஷர்ட்டும் கறுப்புக் கால்சட்டையுமாக நின்று இந்த அறிவிப்பை வெளியிட்டவன் வேட் ஹாலிங்கர். கடிகாரத்தின் பெயர் லிம்பெட். பாறையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஒருவகைக் கடல் நத்தையின் பெயர் அது. அதைத் தேர்ந்தெடுக்க ஏழு பேர் மூன்று வாரம் உட்கார்ந்து யோசித்தார்கள். போனில் அழைப்பு வந்தால் யாரென்று மணிக்கட்டிலேயே காட்டும், செய்தி வந்தால் அதிரும். அப்போது கடைகளில் அப்படி ஒன்று கிடையாது. இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு ஒன்றரை வருடம் பொறுமையாகக் காத்திருந்தவர்கள் நாற்பத்தோராயிரம் பேர். பத்திரிகைகள் வேடை வானத்தைப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தன. அவனும் பார்த்தான்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். கடிகாரத்துக்கு மணி தெரியவில்லை. ஒவ்வொன்றும் வீட்டுக்குப் போன ஒரே வாரத்தில் பதினொரு நிமிடம் முந்திக்கொண்டு, பிறகு அதே இடைவெளியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் கொடு, சரிசெய்துவிடுகிறேன் என்றாள் துய் லாம், மென்பொருளை எழுதியவள். வேட் அந்த ஒரு நாளைக் கொடுக்கவில்லை. ஓர் அறிவிப்பு வெளியிட்டான்: "லிம்பெட். உலகத்துக்குப் பதினொரு நிமிடம் முன்னால்." கைதட்டினார்கள்.

அடுத்து நாடித்துடிப்பு. சில மணிக்கட்டுகளில் அதை அளக்கும் உணரி எதையும் கண்டுபிடிக்காமல் வெறுமனே விழித்தது. அறிமுக விழாவுக்கு முதல் நாள் வேறு வழியில்லாமல் ஒரு குறுக்குவழி போட்டார்கள்: நாற்பது விநாடி நிஜத் துடிப்பு ஒன்றைப் பதிவு செய்து ஒவ்வொரு கடிகாரத்துக்குள்ளும் வைத்துவிடுவது, ஒன்றுமே அகப்படாதபோது அதை ஓடவிடுவது. நிமிடத்துக்கு அறுபத்தெட்டு. நெப்ராஸ்காவில் டார்லீன் ஹப்கா என்ற அம்மாள் போன வருடம் நன்றி நாள் விருந்துக்கு வாங்கிய வான்கோழியின் காலில், அடுப்பில் வைப்பதற்கு முன், விளையாட்டாக லிம்பெட்டைக் கட்டிப் படம் பிடிக்கும்வரை அது ஒருவருக்கும் தெரியாது. தலையில்லாத வான்கோழிக்குக் கடிகாரம் சொன்னது: "68. ஓய்வில் இருக்கிறீர்கள். உடல்நலம் சிறப்பு."

தொண்ணூறு லட்சம் பேர் பார்த்தார்கள். மின்கலத்தில் கோளாறு, அதனால் வந்த குழப்பம் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டான் வேட். அதை நம்பிய ஒரே ஒரு நிறுவனம்தான் இப்போது லிம்பெட்டை வாங்கிக்கொள்ள முன்வந்திருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர்களுடைய ஆட்கள் கிடங்கைச் சோதிக்க வருகிறார்கள். அந்தப் பதிவு ஒரு கடிகாரத்தில் இருந்தாலும் பேச்சு முறிந்துவிடும். மிச்சமிருக்கும் ஆறு பேருக்கு வேலை போகும். பொய்யன் என்ற பெயர் வேடுக்கு நிலைத்துவிடும்.

ஆகவே நவம்பர் கடைசி ஞாயிறு, பிற்பகல் இரண்டு பத்துக்கு, ஃப்ரீமான்ட்டில் உப்பளங்களை ஒட்டிய கிடங்குக்குள், பதிவை அழிக்கும் புது மென்பொருளோடு அவன் நுழைந்தான்.

"நம்பர் மாறியிருக்கு," என்றாள் லூப்பே அரியோலா. கிடங்கின் பொறுப்பு அவளுடையது.

"எந்த நம்பர்?"

"வான்கோழி நம்பர்தான், வேற எது. வெள்ளிக்கிழமை சார்ஜ்ல போட்டப்போ அறுபத்தெட்டு. வந்து பாருங்க."

இரும்பு அலமாரிகளில் அறுபது தட்டுகள், தட்டுக்கு நாற்பது. மக்கள் திருப்பி அனுப்பிய கடிகாரங்கள். எல்லாத் திரைகளிலும் 74.

"எல்லாமேவா?"

"ரெண்டாயிரத்து நானூறும். சந்தேகம்னா எண்ணிக்கோங்க, முதலாளி. எங்க அக்கா வீட்ல தமாலே வெந்துட்டிருக்கு, நான் கிளம்பறேன்."

"கூட ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும், லூப்பே."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "பயமா இருக்கா?"

"சேச்சே. வேலை இருக்கு."

"வேலைன்னா நாளைக்குக் காலைல ஏழுக்கு வர்றேன். பயம்னா இப்ப இருக்கேன்."

வேலைதான் என்று அவன் இன்னொரு முறை சொன்னான். அவள் போய்விட்டாள்.

கதவு சாத்திய பிறகுதான் சத்தம் காதில் விழுந்தது. துடிப்பை மணிக்கட்டில் மெல்லத் தட்டிக் காட்டுவது லிம்பெட்டின் பெருமைகளில் ஒன்று. மணிக்கட்டு இல்லாததால் அவை இரும்புத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தன, இரண்டாயிரத்து நானூறும் ஒரே தாளத்தில், தரைக்கு அடியில் எங்கோ ஒரு பெரிய மாடு அசைபோடுவதைப்போல. சார்ஜ் ஏறும் பிளாஸ்டிக்கின் சூட்டு வாடையும், முகம் தெரியாத ஆட்களின் வியர்வை ஊறிய பட்டைகளின் புளித்த நெடியும், வற்றிய கழிமுகத்திலிருந்து சுவர் இடுக்கு வழியே வந்த சேற்று நாற்றமும் ஒன்றாகக் கலந்து அவன் தொண்டையில் படிந்தன. ஜன்னல் கிடையாது. விளக்குகள், ஆள் அசைந்தால் எரியும், இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால் அணையும். பூமியைக் காப்பாற்ற லிம்பெட் செய்த ஏற்பாடு. அதற்கும் ஓர் அறிவிப்பு வந்திருந்தது.

முதல் தட்டில் புது மென்பொருளை ஏற்றினான். நாற்பது திரைகளும் கறுத்தன. பதிவு இருந்த இடம் காலி என்று மடிக்கணினி சொன்னது. திரைகள் திரும்ப ஒளிர்ந்தன.

79.

அவன் மணிக்கட்டில் கிடந்தது லிம்பெட் எண் ஒன்று. அதன் உணரி ஒழுங்காக வேலை செய்யும். கழுத்தில் விரல் வைத்து எண்ணினாலும் அதே கணக்குதான் வரும். அது காட்டியது 71. துய்யை அழைத்தான். வான்கோழி வாரத்திலேயே வேலையை விட்டுப் போனவள்.

"துய், நான் வேட்."

"தெரியும், பேர் காட்டுது. உன் கடிகாரத்தால உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான்."

"அந்தப் பதிவு தானா மாறுமா?"

"நாப்பது செகண்ட் சத்தம், வேட். பாட்டு மாதிரி. போட்ட பாட்டு தானா வேகமா ஓடுமா?"

"ஓடுது. இப்ப எண்பத்து ரெண்டு. அழிச்ச பிறகும்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"அது யாரோட துடிப்புன்னு ஞாபகம் இருக்கா? என்னோடத வச்சுக்கலாம்னேன். 'நிறுவனரோட இதயமாத்தான் இருக்கணும்'னு நீதான் சொன்ன. பட்டம் வாங்கற மாதிரி கைய நீட்டிட்டு நின்ன."

"அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. கதவப் பூட்டிட்டு வீட்டுக்குப் போ."

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வர்றாங்க, துய்."

"வரட்டுமே," என்றாள். அவன் வைத்துவிட்டான்.

இரண்டாவது தட்டு. மூன்றாவது. அழிந்தது, திரும்ப வந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தொன்று ஆனபோது அறை முழுவதும் தாளம் துள்ளியது. எல்லாத் திரைகளிலும் 119. சில விநாடிதான், பிறகு மெல்ல இறங்கித் தொண்ணூறில் நின்றது. அவன் மணிக்கட்டில் 76. திரைகளின் மூலையில் மணி 2:42 என்று இருந்தது. வழக்கமான பதினொரு நிமிடம். அவன் அதைப் பார்த்தான், யோசிக்கவில்லை.

நான்காவது தட்டு. ஐந்தாவது. ஆறாவதை இழுத்தபோது மேல் அடுக்கிலிருந்த அட்டைப் பெட்டிகள் சரிந்து அவன் தோளை உரசிக்கொண்டு தரையில் விழுந்தன. கிடங்கு முழுக்க எதிரொலித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மணிக்கட்டைப் பார்த்தான்.

119.

சுவரில் மணி இரண்டு நாற்பத்திரண்டு.

சரி, தற்செயல் என்று சத்தமாகச் சொன்னான். சொன்ன குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. ஓர் அட்டையைக் கிழித்து, பேனா எடுத்து, தட்டுகள் காட்டியதை எழுதினான்: 97. சுவரில் இரண்டு நாற்பத்தேழு. திரைகளில் 2:58. பிறகு கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, சாப்பிடப் போகிறவன்போல இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். விளக்குகள் அணைந்தன. கையை ஆட்டினான். எரிந்தன. அணைந்தன. ஆட்டினான். மணிக்கட்டில் 83. 88. நான் பயப்படுவதால்தான் ஏறுகிறது என்று நினைத்தான். எண் ஏறுவதால்தான் பயப்படுகிறேன் என்றும் நினைத்தான். இரண்டும் சரியாக இருந்தன. 94.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு மணிக்கட்டிலும் 97.

அப்போது அலமாரிகளில் தாளம் ஏற ஆரம்பித்தது. 112. 125. இரும்பு அதிர்ந்தது. தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன. 140. அவன் எழுந்து பின்வாங்கினான். 158. தாளம் தடுக்கியது, விட்டுப்போனது, அவசரமாகத் திரும்ப வந்து சேர்ந்துகொண்டது. 171. சுவரில் மணி மூன்று மூன்று.

நின்றது.

அத்தனை திரைகளும் ஒரு கணம் கறுத்தன. பிறகு நிதானமாக, ஒரே சீராக, பழைய தாளம்.

68.

வேடுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரியாகிவிட்டது. துய்யின் பாட்டு தன் வேகத்துக்குத் திரும்பிவிட்டது. "அறுபத்தெட்டு!" என்று அலமாரிகளிடம் சொன்னான். ஒவ்வொரு திரையிலும் அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அவனே உட்கார்ந்து எழுதிய வரி. குனிந்து படித்தான்.

"ஓய்வில் இருக்கிறீர்கள். உடல்நலம் சிறப்பு."

சிரிப்பு பாதியில் நின்றது. ஒன்றுமே அகப்படாதபோதுதான் அறுபத்தெட்டு.

திரைகளில் மணி 3:14.

அவசர எண்ணை அழுத்தினான்.

"என்ன உதவி வேணும், சார்?" ஒரு பெண் குரல்.

"என் இதயம் நிக்கப் போகுது. ஒன்பது நிமிஷத்துல."

"இப்ப நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல. கடிகாரம் காட்டுது."

"எந்தக் கடிகாரம், சார்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "லிம்பெட்."

அவள் குரலில் அன்பு கூடியது. "அந்த வான்கோழிக்குக் கட்டினாங்களே, அதுவா சார்? என் மச்சானும் ஒண்ணு வச்சிருந்தான். அதைக் கழட்டி ஓரமா வச்சுட்டு உக்காருங்க. ஓடாதீங்க. நான் வண்டி அனுப்பறேன். பாலத்துல கூட்டம், பன்னெண்டு நிமிஷம் ஆகும்."

சுவரில் மூன்று ஐந்து. பன்னிரண்டு கூட்டினால் மூன்று பதினேழு.

மூன்று நிமிடம் அதிகம்.

கதவு நாற்பது அடி. ஓடினால் போய்விடலாம். ஓடினால் துடிப்பு ஏறும். தட்டுகள் காட்டியது அந்த ஓட்டம்தானா? ஓடியதால்தானா? ஓடாமல் இருந்தால்? உட்கார்ந்துவிட்டான். சிமெண்ட் தரை, குளிர், கால்களை நீட்டி, முதுகை அலமாரியில் சாய்த்து. முதுகுத்தண்டில் அறுபத்தெட்டு தட்டியது. மணிக்கட்டில் கிடந்த எண் ஒன்றைக் கழற்றப் பார்த்தான். கொக்கியில் விரல் நிற்கவில்லை. மூச்சை இழுத்தான், விட்டான். விளக்கு அணைந்தது. கையை ஆட்டினான். எரிந்தது. கையை ஆட்டினால் இரண்டு ஏறுகிறது. 108. இருட்டில் உட்கார்ந்தால் நான்கு ஏறுகிறது. 112.

சுவரில் மூன்று ஒன்பது.

அசையவில்லை. எதற்காகவும் அசையவில்லை. 125.

துய், ஒரு நாள் கேட்டாளே.

140.

விளக்கு அணைந்தது. ஆட்டினான். எரிந்தது. லூப்பேயின் நாற்காலி. அதன்மேல் அவள் மறந்துவிட்டுப் போன கம்பளிச் சட்டை. பயம்னா இப்ப இருக்கேன்.

"பயமா இருக்கு," என்றான்.

158. தடுக்கியது. தூரத்தில் சைரன். அல்லது பாலம். அல்லது காது.

171.

விளக்கு அணைந்தது.

கையை ஆட்டினான். நன்றாகத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினான். விளக்கு எரியவில்லை. எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினான். எரியவில்லை. வலி இல்லை. பயமும் எங்கோ வடிந்துபோயிருந்தது. இருட்டில் அலமாரிகள் எல்லாம் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தன. மணிக்கட்டில் கிடந்ததும் அவற்றோடு சேர்ந்து அதே தாளத்தில் தட்டியது. அதன் சின்ன வெளிச்சத்தை முகத்தருகே கொண்டுவந்து படித்தான்.

"68. ஓய்வில் இருக்கிறீர்கள். உடல்நலம் சிறப்பு."

வான்கோழிக்கும் இதேதான் வந்திருந்தது.