அஸ்வினின் ஹெட்செட்

ஊமையாகிக் கிடந்த மடிக்கணினிக்குச் சத்தம் திரும்பியதுமே திரையின் மூலையில் ஒரு வரி எட்டிப் பார்த்தது: ‘அஸ்வின் ஹெட்செட் இணைந்தது.’

ஷோபனா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சென்னீர்குப்பத்தில் லாரி மோதி மகன் போனபோது, அந்த ஹெட்செட்டை அவன் காதில் மாட்டிச் சவப்பெட்டியை மூடச் சொன்னதே அவள்தான். அது இல்லாமல் பிள்ளைக்குத் தூக்கம் வராது என்று பாதிரியாரிடம் கெஞ்சினாள். சார்ஜ் தீர்ந்தே மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

வேண்டாத வேலை பார்த்ததும் அவள்தான். கணினியில் அவன் பேசி வைத்திருந்த சில பதிவுகள்தான் அவளுக்கு மிச்சம். ‘உங்கள் கணினியின் ஆடியோ டிரைவர்கள் பழையவை’ என்று ஒரு மென்பொருள் சிவப்பில் மிரட்டவும், எங்கே அதுவும் போய்விடுமோ என்று பயந்து அப்டேட் கொடுத்துவிட்டாள். சத்தம் அடியோடு நின்றது. மகன் இன்னொரு தடவை செத்துப்போனான்.

திருமுல்லைவாயிலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வேம்புலிதான் போனில் வழி சொன்னான். அப்டேட்டுக்கு முன்பே அந்த மென்பொருள் பழைய டிரைவர்களைப் பத்திரப்படுத்தியிருக்கும், அவற்றைத் திரும்பப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றான். போட்டாள்.

இப்போது மறுபடி அவனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, அஸ்வின் ஹெட்செட் சேர்ந்துடுச்சுன்னு காட்டுது.”

“அப்போ பக்கத்துலதான் கீதும்மா. ஊட்டுக்குள்ள இருந்தாதான் புடிக்கும். கட்டிலுக்கு அடியில பாரும்மா.”

பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கணவர் இருதயராஜ் தொழிற்சாலைக்கு மாலை ஷிப்டுக்குப் போயிருந்தார். குவார்ட்டர்ஸ் சுவரெல்லாம் மழையில் ஊறிய வாடை, பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனை, ஆவடிப் பக்கம் போகிற ரயிலின் சத்தம், எல்லாவற்றுக்கும் அடியில் கணினியிலிருந்து ஓர் இரைச்சல் கசிந்துகொண்டிருந்தது. ஹெட்செட்டின் மைக் திறந்திருந்தது. அதற்குக் கேட்பதெல்லாம் இங்கே கேட்டது. முதலில் மழை. வெட்டவெளியில் நின்று கேட்கிற மழை. பிறகு மழை சற்றே தள்ளிப்போய், கடகடவென்று ஒரு மின்விசிறி.

அவள் தலைக்கு மேலே சுற்றும் அதே மின்விசிறி.

“அஸ்வின்?”

அவள் குரலே கணினியில் திரும்பி வந்தது. பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல.

“உன்னைத் தனியா விட்டுட்டு வந்துட்டேனேடா...”

இந்தத் தடவை கிட்டத்தில் கேட்டது. அவள் அழுகை. அவள் மூச்சு. இன்னும் கிட்டே.

அப்புறம் மின்விசிறி இல்லை. மழை இல்லை. ஒரு துடிப்பு மட்டும். வேகமான துடிப்பு.

அவளுடைய நெஞ்சு.

நெஞ்சின் மேல் பாரம் அழுத்தியது. சேலை நனைந்தது. மடியில் ஈரமண் உதிர்ந்தது.

ஷோபனா கண்களை இறுக மூடிக்கொண்டாள். கையைத் தூக்கி, அந்தத் தலையை மெதுவாகத் தடவிக் கொடுத்தாள்.

முடி கையோடு வந்தது.