முப்பத்துநாலாம் பக்கத்து வெற்று வரி

முப்பத்துநாலாம் பக்கத்தில் ஒரு வரி வெறுமையாக இருந்தது.

ஆபீசுக்குப் புதிதாக வந்திறங்கிய கம்ப்யூட்டருக்கான கையேடு அது. மெஷின் அச்சடித்துத் தள்ளும் தாள்களில் ஓரம், இடைவெளி, அடிக்கோடு எல்லாவற்றையும் சீராக்கி, நகலெடுக்கும் ஸ்டென்சில் தாளில் டைப் அடிப்பது பாகீரதியின் வேலை. உதாரணப் பட்டியலுக்கு நாலு பெயர் வேண்டும் என்று இன்ஜினீயர் வேங்கடசுப்ரமணியன் கேட்டபோது, யோசிக்கச் சோம்பல்பட்டுத் தன் ரேஷன் கார்டைப் பார்த்தே எழுதிக் கொடுத்திருந்தாள். அம்மா, அண்ணா பஞ்சு, தங்கை ருக்கு, கடைசியில் தான். தாளில் அம்மாவுக்கும் ருக்குவுக்கும் நடுவே பெயரில்லை.

"சார், எங்கண்ணா பேரு விட்டுப்போயிருக்கு."

"மெஷின் அடிச்சதுல நீ கை வைக்கப்படாது. ஃபார்மட் மட்டுந்தான் உன் வேலை. வெறும் லைன் இருந்தா மூடிடு."

மூடினாள். ருக்குவை ஒரு வரி மேலே ஏற்றி அடித்ததும் பட்டியல் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் மாட்டுங்காவில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கதம்பத்தின் வாசனையும் காப்பி வறுக்கும் வாசனையும் கலந்து வந்த தெருவைக் கடந்து, மாடிப்படி ஏறி, அவர்களுடைய ஒற்றை அறைக்குள் நுழைந்தபோது ஸ்டென்சிலில் தப்பை அழிக்கும் திரவத்தின் நெடி மூக்கில் ஏறியது. கையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று சோப்புப் போட்டுக் கழுவினாள். நெடி போகவில்லை. கதவுக்குப் பின்னால் கொக்கியில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை தொங்கியது.

"அம்மா, இது யாரோடது?"

"தெரியலையேடி. பக்கத்தாத்துக் கொடியிலேர்ந்து பறந்து வந்திருக்கும்."

மூன்று பெண்கள் மட்டுமே இருக்கும் வீடு. சட்டையின் கழுத்துப்பட்டையில் வியர்வை ஈரம் இன்னும் காயவில்லை. தொட்ட பாகீரதிக்குக் காரணம் தெரியாமல் அழுகை வந்தது.

மறுநாள் மத்தியானம் அதே பக்கம் திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. அம்மா. ஒரு வெற்று வரி. பாகீரதி.

ருக்கு இல்லை.

நாலு பெயர் கொடுத்தது நன்றாக நினைவிருந்தது. நாலாவது யார் என்பதுதான் நினைவில் இல்லை. சட்டை கண்முன் வந்தது.

"நான் மூட மாட்டேன் சார்." தாளைக் கசக்கி மார்போடு பிடித்துக்கொண்டாள். "என் தங்கை சார் அது."

"உடம்பு சரியில்லையா உனக்கு? இந்தப் பக்கத்துக்கு மூணு நகல் இருக்கு, ஒண்ணைக் கசக்கினா என்ன ஆகிடும்?" கோபம்கூட இல்லை அவருக்கு. இன்னொரு தாளை எடுத்து, அவளுடைய டைப்ரைட்டர் முன்னாலேயே உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தார்.

குடையை எடுக்காமல் ஓடினாள்.

ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தாள். ருக்கு. ருக்கு. பைகுல்லாவில் பக்கத்துப் பெண்மணி திரும்பிப் பார்த்தாள். ருக்கு. பரேலில் மழைச்சாரல் முகத்தில் அடித்தது. தாதரில் உதடு மட்டும் அசைந்தது. எதைச் சொல்ல அசைகிறது என்று தெரியவில்லை. ஆனாலும் நிறுத்தப் பயமாக இருந்தது.

மாடிப்படி. கதவு. அந்த நெடி.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் சீப்பு. பக்கத்தில் ஒரு முழம் கதம்பம். அவளுக்கு முன்னால் வெறும் தரை.

அம்மாவின் கைகள் காற்றில் பின்னிக்கொண்டிருந்தன. மூன்று கால் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று போட்டு, இறுக்கி இழுத்து.

"அம்மா, என்ன பண்றே?"

அம்மா நிமிர்ந்தாள். தன் கைகளைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

"பாகீரதி, யாருக்குடி பின்னிண்டிருக்கேன்?"

கைகள் நிற்கவில்லை.