யாருடைய 'கை'?

"என் கையை எடுத்தது யாரு?"

அந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டி முன்னால் நின்று அவள் போட்ட சத்தத்தில், எதிர் மேசைக்குப் புதிதாக வந்தவன் திரும்பினான். அப்பப்பா... அவளுக்குத்தான் என்ன கண்கள்! வெளியே பெய்த மழை மொத்தமும் இடியோடு அங்கேதான் நின்றது.

"நீங்க... தமிழா?"

"என் குழாய் எங்கே?"

அவள் புற்றுநோய் செல்களை ஆராய்பவள். 'வளரு, வளரு' என்று செல்லுக்குள் சுவிட்சைத் தட்டிவிடும் புரதத்துக்குக் கைனேஸ் என்று பெயர். அதைத் தடுக்கும் மருந்துக் குழாயில், யாருக்கும் புரியாதென்ற தைரியத்தில், 'கை' என்று எழுதியிருந்தாள். அவன் ஆராய்வதோ மூட்டு வீக்கம். விரல் மூட்டுச் செல்களுக்கு ஊற்றும் திரவக் குழாயின்மேல் அவனும் எழுதியிருந்தான்... 'கை'!

"ஐயோ... என் கைன்னு நினைச்சு உங்க கையை ஊத்திட்டேங்க."

"அதுதான் கடைசிச் சொட்டு! புதுசு வர மாசக்கணக்காகும். அதுக்குள்ள என் ஆராய்ச்சியையே மூடிடுவாங்க. இனிமே என் கண்ணுல படாதீங்க!"

அவனும் படவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. திட்டினால் அப்படியே போய்விடுவதா... மக்கு!

மறுநாள் கதவுக்கு வெளியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"கண்ணுல படலைங்க... உங்க மருந்து ஊத்தின தட்டுல வீக்கம் அடங்கியிருக்கு."

கோபம் போன இடம் தெரியவில்லை. ஓடினாள். அவன் நீட்டிய படத்தில், வீக்கப் புரதத்தின் அளவைக் காட்டும் கறுத்த பட்டைகளுக்கு நடுவே, அவள் மருந்து பட்டது மட்டும் வெளிறியிருந்தது.

"அப்போ உங்க வீக்கத்தையும் என் புற்றையும் தூண்டுறது ஒரே கைனேஸா? ஆறாத வீக்கம் சில நேரம் புற்றுல போய் முடியுதே... இந்த வழியாத்தானோ?"

"ஒரு தடவை பார்த்ததை நம்ப முடியாதுல்ல? எங்க குழுத் தலைவி மேடம்கிட்ட கெஞ்சினேன். உங்க மருந்தை உடனே செஞ்சு தரச் சொல்லி வேதியியல் கூடத்துக்குச் சொல்லிட்டாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து செய்யணுமாம்."

அவளுக்குக் கண் கலங்கியது. மறைக்கத் தெரியாமல் சிரித்தாள்.

"புதுக் குழாய்ல என்ன எழுதுறது? மறுபடி குழப்பம் வேண்டாம்."

"'நம்ம கை'ன்னு..." அவன் பேனாவை எடுத்தான். "திட்டு வாங்கினதுலேர்ந்து உங்க நினைப்புதாங்க. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் மெல்லக் கையுறையைக் கழற்றினாள்... கையை நீட்டினாள்.

"இந்தக் கையையாவது பத்திரமா வச்சுக்குவீங்களா?"