அங்கிக்குள் ஈரம்

முத்திரை உடைக்காத உறையிலிருந்து எடுத்த அங்கி உட்புறம் ஈரமாக இருந்தது. கழுத்துவரை ஸிப்பை இழுத்து, காற்றுக்கதவைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் துஷாந்திக்கு அது உறைத்தது. முதுகில் சில்லென்று ஒட்டியது. வியர்வை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பாரிஸ் புறநகர் லா கூர்னெவ் தொழிற்சாலையின் காலைக் குளிரில் யாருக்கு வியர்க்கும்?

ஊசிமருந்து அடைக்கும் அறை அது. தலைமூடி, முகமூடி, முகக்கண்ணாடி, இரட்டைக் கையுறை. மனிதத் தோலின் ஒரு துகள்கூட வெளியே வரக்கூடாது. உள்ளே நிற்பவர் ஸிப்பைத் திறந்தால் அன்றைய மருந்தெல்லாம் குப்பை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, லா ஷப்பல் கோயிலில் பூசிய திருநீற்றைக் கழுவ மனமில்லாமல் அவள் அப்படியே வந்துவிட்டாள். தலைமூடி மறைக்கும்தானே. நெற்றி அரித்தது, கையுறை விரலை உள்ளே விட்டுச் சொறிந்தாள். வெளியேறும்போது கையுறை விரல்களைச் சோதனைத் தட்டில் பதிக்க வேண்டும். தட்டில் கிருமி முளைத்தால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். தன் பெயர்ச் சீட்டைப் பக்கத்தில் வேலை செய்த ஷிரோமியின் தட்டிலும் அவளுடையதைத் தன் தட்டிலும் மாற்றி ஒட்டினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வேலை போன ஷிரோமியைப் போன வாரம் பாரிஸின் ஸ்டாலின்கிராட் மெத்ரோ பக்கத்துக் கால்வாயிலிருந்து பிணமாக எடுத்தார்கள். செத்தவீட்டுக்குப் போய் எல்லோரையும்விட உரக்க அழுதவள் துஷாந்திதான்.

"என்ன துஷாந்தி, ஏன் நிக்கிற?" ஒலிபெருக்கியில் மேற்பார்வையாளர் பிலிப் கேட்டார். புதுச்சேரிக்காரர், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணை, உடுப்பு உள்ளுக்கை ஈரமாக் கிடக்கு."

"இப்ப திறந்தா மொத்தமும் போச்சு. ரிப்போர்ட்ல உன் பேரைத்தான் எழுதணும். வெளிய வரியா?"

விசா அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

"இல்லை அண்ணை. நிக்கிறன்."

இந்த அறையில் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கையை வீசக்கூடாது. அவள் மெதுவாகக் குப்பிகளை நகர்த்தினாள். ஈரம் இடுப்புக்கு இறங்கியது, தொடை வழியே வழிந்து காலுறைக்குள் தேங்கியது. வடிகட்டிய காற்றுக்கு மணமே இல்லாத அந்த இடத்தில், முகமூடிக்குள் அழுகிய பாசி மணந்தது. மூச்சை அடக்கிப் பார்த்தாள். முகமூடித் துணி உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.

அவள் மூச்சுவிடவில்லை.

கையுறைக்குள் ஏதோ நெளிந்தது. விரல்கள். குளிர்ந்த, ஊறிப்போன விரல்கள். அவள் விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாக நுழைந்து இறுக்கின.

ஸிப்பைத் திறக்க வேண்டும். மருந்து போகட்டும். விசா போகட்டும். கையைத் தூக்கினாள்.

கை வரவில்லை.

அது அடுத்த குப்பியை எடுத்தது. மூடியது. வைத்தது.

"அப்படித்தான்," என்றார் பிலிப். "இன்னைக்கு ரொம்ப நிதானமா செய்யிற."

மார்புவரை தண்ணீர். கழுத்து. வாயைத் திறந்தாள், துணி உள்ளே போனது.

பிலிப் கண்ணாடியில் தட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார். வெள்ளை அங்கி அவர் பக்கம் திரும்பித் தலையாட்டியது. முகக்கண்ணாடிக்குள் பழுப்புத் தண்ணீர் நிரம்பியிருந்தது. அதில் இரண்டு கண்கள் அகலத் திறந்து கிடந்தன. கைகள் அடுத்த குப்பியை எடுத்தன.