எட்டு மைக்கும் ஒரு கிண்ணம் சந்தனமும்

ஷாமினியை ஓரிடத்தில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சாப்பிடும்போதுகூட ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் ஜன்னல் வரை போய் வந்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு நாடகத்தில் என்ன வேடம் கொடுப்பது? புனிதவதி டீச்சர் ரொம்ப யோசிக்கவில்லை.

"நீ கிளி. மேடை முழுக்கப் பறந்துகிட்டே இரு" என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாடகம். கிள்ளானில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த மண்டபத்தில்தான். அது சாதாரண நாடகமாக இருந்திருந்தால் ஷாமினி இவ்வளவு பறந்திருக்க மாட்டாள். மண்டபத்துக்குப் புத்தம் புதிய ஒலி, ஒளிச் சாதனங்கள் வந்திருந்தன. முதன்முதலாக அவற்றில் நடக்கப்போவது இவர்களுடைய நாடகம்தான்!

ஆளுயர ஸ்பீக்கர்கள் வந்திருந்தன. தாமாகவே கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் விளக்குகள் வந்திருந்தன. நினைத்தால் மேடையை நீலக் கடலாக்கும், நினைத்தால் பச்சைக் காடாக்கும். எல்லாவற்றையும்விட ஷாமினிக்குப் பிடித்தது ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் எட்டு மைக்குகள். காதில் மாட்டிக்கொண்டால் கன்னத்தோரம் ஒரு மெல்லிய கம்பி நீளும். அதன் நுனியில், மிளகு அளவுக்கு மைக். கன்னத்தின் நிறத்திலேயே இருந்ததால் மாட்டியிருப்பதே தெரியாது.

பழைய மைக்கும் ஒன்று இருந்ததே! யார் அதைக் கையில் எடுத்தாலும் முதலில் 'கீஈஈ' என்று அதுதான் பேசும். போன மாதம் அது பேச்சை நிறுத்திக்கொண்டது. யாரும் அழவில்லை.

புதுச் சாமான்களைப் பார்த்துக்கொள்ள பிரிக்பீல்ட்ஸிலிருந்து உஷாராணி அக்கா வந்திருந்தார். இடுப்பில் டார்ச் லைட், தோளில் ஒயர்க்கட்டு, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"இவ்வளவு நாளா பாஸ் பின்னாடியே ஒயர் சுத்திக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா தனியா விட்டிருக்காரு" என்றார் அவர் ஷாமினியிடம். "இது நல்லபடியா முடிஞ்சாதான் அடுத்த வேலையும் எனக்குத் தனியாக் கிடைக்கும்."

"பயமா இருக்கா அக்கா?"

"லேசா. யார்கிட்டயும் சொல்லிடாதே."

காலையில் சாமான்களுக்குப் பூசை. மண்டபத்தின் தலைவர் கமலநாதன் அங்கிள் தேங்காய், பழம், சூடம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஷாமினி அவரை மூன்றாவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தலை சுத்துது பிள்ளை! இந்தா, சும்மா ஓடுறதுக்கு இதைச் செய். எல்லாச் சாமானுக்கும் சந்தனம், குங்குமம் வை. ஒண்ணு விடாம வைக்கணும், தெரியுதா?"

ஓடுவதற்கே ஒரு வேலை! ஷாமினி கிண்ணங்களை வாங்கிக்கொண்டு பறந்தாள். ஸ்பீக்கருக்குப் பொட்டு. விளக்குக்குப் பொட்டு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்கு ஓரமாக ஒரு பொட்டு. கடைசியாகக் கறுப்புப் பெட்டியைத் திறந்தபோது குங்குமம் தீர்ந்துபோயிருந்தது. பரவாயில்லை, சந்தனம் இருக்கிறதே என்று எட்டு மைக்கின் நுனியிலும் தாராளமாக ஒவ்வொரு பொட்டு வைத்து, பெட்டியை மூடினாள்.

அப்போது உஷாராணி அக்கா வாசலில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு ஒத்திகை தொடங்கியது. மழையும் தொடங்கியது. கிள்ளான் மழை தகரக் கூரைமேல் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ராஜா வேடம் போட்ட முகுந்தன் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "யாரங்கே!" என்று முழங்கினான்.

ஸ்பீக்கரில் "ம்ம்ங்ங்ஙே" என்று வந்தது.

"சத்தமாப் பேசுப்பா!" என்றார் டீச்சர்.

முகுந்தன் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான். போர்வைக்குள் படுத்துக்கொண்டு பேசியதுபோல் கேட்டது. மந்திரி பேசினாலும் அப்படித்தான். கிளி பேசினாலும் அப்படித்தான்.

உஷாராணி அக்கா பேட்டரிகளை மாற்றினார். ஒயர்களைக் கழற்றி மாட்டினார். மிக்ஸரில் இருந்த பொத்தான்களை ஏற்றினார், இறக்கினார். ஒன்றும் மாறவில்லை. மணி நாலரை ஆனது. அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம்.

"என்னம்மா இது, புதுச் சாமான்னு சொன்னீங்க?" கமலநாதன் அங்கிள் மேடைக்கே ஏறி வந்துவிட்டார். "போர்ட் கிள்ளான்ல இருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க. உங்களுக்கு இது தெரியுமா தெரியாதா?"

"தெரியும் அங்கிள். காலையில நல்லா இருந்துச்சு. கொஞ்சம் டைம் குடுங்க."

"டைம் எங்க இருக்கு? நான் உங்க பாஸைக் கூப்பிடுறேன்!"

எல்லார் முன்னாலும்தான் சொன்னார். சொன்னபடி போனையும் எடுத்தார்.

ஷாமினியால் நிற்க முடியவில்லை. மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். திரையைப் பிடித்து முறுக்கினாள். அக்கா பாவம், அங்கிள் இப்படித் திட்டியிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே முகுந்தன் பக்கம் வந்தாள்.

"உன் கன்னத்துல என்ன அது?"

"தெரியல. பொடி பொடியா உதிருது" என்று அவன் துடைத்துக்கொண்டான். "வாசமா இருக்கு."

ஷாமினி முகர்ந்து பார்த்தாள். சந்தனம்!

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகுந்தனின் மைக்கை உற்றுப் பார்த்தாள். மைக்கும் அதே நிறம், சந்தனமும் அதே நிறம். தெரிந்து பார்த்தால்தான் தெரிந்தது. மெதுவாக நகத்தால் சுரண்டினாள். சந்தனம் வெளியே வருவதற்குப் பதிலாக ஓட்டைக்குள் இன்னும் இறங்கியது.

இப்போது என்ன செய்வது? யாரும் பார்க்கவில்லை. சும்மா இருந்துவிடலாம். பெரிய பாஸ் வந்து கண்டுபிடித்துக்கொள்வார். யார் வைத்தது என்று கேட்டால்? எட்டுப் பேர் கைபட்ட மைக், யாரைச் சொல்வார்கள்?

அப்போதுதான் மிக்ஸருக்குப் பின்னால் உஷாராணி அக்காவின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தார். "சரி பாஸ்... எனக்குத் தெரியல பாஸ்... நீங்களே வாங்க." பேசி முடித்துவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷாமினி சுரண்டுவதை நிறுத்தினாள். அக்காவிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லிவிடலாமா? ஆனால் அக்கா திட்டு வாங்கியது எல்லார் முன்னாலும் ஆயிற்றே. அது சரியாக வராது என்று அவளுக்குத் தோன்றியது. கிளியின் இறக்கைகளை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையின் நடுவே போய் நின்றாள்.

"நான்தான் செஞ்சேன்!"

மழைச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

"நான்தான் செஞ்சேன்!"

"என்ன?" என்று டீச்சர் காதில் கையை வைத்தார்.

பெரிய விஷயத்தைச் சொல்லத் துணிந்தவளை மூன்று தடவை சொல்ல வைத்தால் எப்படி? ஷாமினி மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினாள். "மைக்குல சந்தனம் வச்சது நான்தான்! எட்டுலயும் வச்சேன்! அக்கா மேல தப்பே இல்ல!"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கமலநாதன் அங்கிளின் வாய் திறந்தபடி நின்றது.

"மைக்குக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? நான் ஸ்பீக்கருக்கு வைக்கச் சொன்னேன் லா!"

"ஒண்ணு விடாம வைக்கணும்னு சொன்னீங்க அங்கிள்" என்றாள் ஷாமினி. அழுகை வரும்போல இருந்தது, ஆனால் அது உண்மைதானே.

அங்கிள் போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு தலையைச் சொறிந்தார்.

உஷாராணி அக்கா அதற்குள் ஓடி வந்து மைக் நுனியை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். "அட!" நகத்தால் நுனியை மெல்ல இழுத்தார். கடுகு போல ஒரு மூடி கழன்று வந்தது. "மூடிதான் அடைச்சிருக்கு. உள்ள சந்தனம் போகல. மூடியைக் கழுவினாப் போதும்!" என்றவர் அடுத்த நொடியே கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனா ஈரத்தோட மாட்டக் கூடாது. தானாக் காய ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். இந்த மழையில இன்னும் நேரமாகும்."

மணி ஐந்தேகால்.

"மேக்கப் ரூம்ல முடி காய வைக்கிற மெஷின் இருக்கே!" என்றாள் ஷாமினி.

"காத்து அடிச்சா மூடி பறந்து போயிடும் கண்ணு. கையில பிடிக்கவும் முடியாது."

பறந்து போகாமல் வைக்க வேண்டும், ஆனால் காற்றும் போக வேண்டும். ஷாமினி அங்கும் இங்கும் நடந்தாள். நடந்தால்தான் அவளுக்கு யோசனை வரும். சட்டென்று திரும்பி மண்டபத்தின் சமையலறைக்கு ஓட்டமெடுத்தாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் டீ வடிகட்டி, இன்னொரு கையிலும் டீ வடிகட்டி.

"ஒண்ணுல மூடியைப் போட்டு, இன்னொண்ணால மூடிடலாம் அக்கா!"

உஷாராணி அக்காவின் முகத்தில் சிரிப்பு திரும்பி வந்தது.

வெந்நீரில் மூடிகளை அலசினார்கள். பழைய பல் துலக்கும் பிரஷால் டீச்சர் தேய்த்துக் கொடுத்தார். முகுந்தன் கிரீடத்தோடு வடிகட்டிகளைச் சேர்த்துப் பிடித்தான். ஷாமினி இளஞ்சூட்டில் காற்றடித்தாள். எட்டு மூடியும் உள்ளே குதித்துக் குதித்துக் காய்ந்தன. கமலநாதன் அங்கிள் பக்கத்தில் நின்று, "ஒண்ணு விழுந்துடப் போகுது, பாத்து" என்று ஐந்து தடவை சொன்னார். அதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை.

ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மைக்குகளை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் திரைக்குப் பின்னால் நின்றபோது, நனைந்த சட்டையோடு ஒருவர் வேகமாக வந்தார். அவர்தான் உஷாராணி அக்காவின் பாஸ் லோகன்.

"சாரி, ஹைவேல பயங்கர ஜாம். என்ன பிரச்சினை?" என்றார் மூச்சு வாங்கியபடி.

உஷாராணி அக்கா மிக்ஸரைப் பார்த்தபடி நின்றார். ஷாமினி ஓரடி முன்னால் வைத்தாள். அதற்குள் கமலநாதன் அங்கிள் தொண்டையைக் கனைத்தார்.

"பிரச்சினை நான்தான் பாஸ். சந்தனம் வைக்கச் சொன்னதும் நான், தெரியாம சத்தம் போட்டதும் நான். இந்தப் பொண்ணு எல்லாத்தையும் சரி பண்ணிட்டாங்க." பிறகு உஷாராணி அக்கா பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடும்மா."

லோகன் நம்பாதவர்போல் ஸ்பீக்கர்களைப் பார்த்தார்.

மண்டபத்து விளக்குகள் அணைந்தன. புது விளக்குகள் மெல்லக் கழுத்தைத் திருப்பித் திரைமேல் நீல வெளிச்சத்தைப் பாய்ச்சின. எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். மழைகூட அப்போது விட்டிருந்தது. உஷாராணி அக்கா ராஜாவின் மைக்கைத் திறந்தார்.

ஆளுயர ஸ்பீக்கர்கள் அத்தனையிலும், கடைசி வரிசை வரைக்கும், ஓர் எழுத்துகூடச் சிதறாமல் ராஜாவின் ரகசியக் குரல் கேட்டது.

"டீச்சர்... எனக்கு பாத்ரூம் வருது."

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. ஷாமினி சிரித்த சிரிப்பில் ஓர் இறக்கை கழன்றுவிட்டது. லோகன் மட்டும் சிரிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு உஷாராணி அக்காவின் தோளைத் தட்டினார்.

"சவுண்ட் ரொம்ப கிளியரா இருக்கு லா. அடுத்த வாரம் டெங்கில் டவுன்ல நடக்குற நிகழ்ச்சிக்கும் நீயே தனியாப் போ உஷா. நான் வரல."

மூன்று நிமிடம் கழித்து, ராஜா திரும்பி வந்ததும், திரை விலகியது.